பதினான்காம் புள்ளி

ஓமந்தைச் சோதனைச்சாவடியில், தகரக் கொட்டகைக்குக் கீழே, ஒரு பெண் சிப்பாய் என் பையை மேசையில் கவிழ்த்தாள்.

இரண்டு சவர்க்காரம், ஒரு இறாத்தல் பாண், அம்மாவின் கண்ணுக்கு விடுகிற மருந்து, ஒரு கிழமையாகத் தோய்க்காத உடுப்பு. உடுப்பை அவள் இரண்டு விரலால் தூக்கி அப்பால் வைத்தாள். தோய்க்காமல் கொண்டுபோவது வேண்டுமென்றேதான். அழுக்கு உடுப்பைக் கண்டால் சோதனை சீக்கிரம் முடியும் என்பது எங்கள் விடுதிப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை.

அன்றைக்கு அந்த வித்தை பலிக்கவில்லை. உடுப்புக்கு அடியில் என் ஆய்வுகூடக் கொப்பி இருந்தது.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். சும்மா பக்கங்களைத் தட்டிக்கொண்டு போனவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். அந்தப் பக்கத்தில் எங்கள் கல்லூரியின் வரைபடம் இருந்தது. கட்டடங்கள், மதில், தண்ணீர்த் தாங்கி, றோட்டு. அவற்றுக்கிடையே பதினான்கு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஓர் எண். எல்லாவற்றையும் சுற்றிச் சிவப்பு, மஞ்சள், நீலப் பென்சிலால் வளையங்கள்.

"நங்கி, இது என்ன?" என்று, தங்கச்சி என்பதைச் சிங்களத்திலும் மிச்சத்தைத் தனக்குத் தெரிந்த தமிழிலுமாகக் கேட்டாள்.

"படிப்பு. கொம்பியூட்டர் படிப்பு" என்றேன்.

அவளுடைய விரல் வரைபடத்தின் வலது மூலைக்குப் போனது. அங்கே சின்னச் சதுரம் ஒன்று. எங்கள் படிப்பு ஆங்கிலத்தில் என்பதால் அதற்குள் ஆங்கிலத்தில் 'சென்றி' என்று எழுதியிருந்தோம். இராணுவக் காவலரண். அதற்குக் கீழே, 'மண்மூட்டை, இரண்டு வரிசை, ஆறடி உயரம்.' அதற்கும் கீழே சிவப்பு மையில் எங்கள் விரிவுரையாளரின் கையெழுத்து: 'நன்று. தடைகளை இன்னும் விவரமாகக் குறிக்கவும்.'

அவள் கொப்பியை மூடவில்லை. விரித்தபடியே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். என்னோடு பஸ்ஸில் வந்தவர்கள் தங்கள் பைகளைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காதது போலப் பார்த்தார்கள். பங்குனி வெயிலில் நான் வெறும் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சொல்லக் கூடாத சொல்

போன கிழமை இந்தப் பத்தியில் விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியதை வாசித்த ஒருவர், "நீங்கள் அப்போது என்னதான் படித்தீர்கள், சாப்பாட்டைப் பற்றியே எழுதுகிறீர்களே" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இந்தக் கிழமை படிப்பைப் பற்றித்தான்.

வன்னிக்குள் போகும் பாதை போரால் மறுபடி பூட்டப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முந்திய காலம். பத்திரிகையில் இன்னும் சமாதானம் இருந்தது. றோட்டோரத்தில் கிளைமோர்க் கண்ணி வெடிக்கத் தொடங்கியிருந்தது. நான் கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளை. வவுனியாவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கணினி வலையமைப்புப் படித்தேன். இரண்டு கிழமைக்கு ஒருதரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்து, ஓமந்தையில் இறங்கி, பையைக் கொட்டிக் காட்டி, திரும்ப அள்ளி அடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

இரண்டாம் வருடத்தில் கம்பியில்லா வலையமைப்பு என்று ஒரு பாடம் வந்தது. வீட்டுக்குப் போனதும் பெருமையாக, "அம்மா, இந்தமுறை நாங்கள் வயர்லெஸ் படிக்கிறம்" என்றேன். அம்மா அகப்பையை வைத்துவிட்டு யன்னல் பக்கம் பார்த்தார்.

"என்னடி கதை இது? உந்தச் சொல்லை பஸ்ஸுக்கை வாயிலையும் எடுத்திடாதை. ஆரும் கேட்டா கொம்பியூட்டர் எண்டு சொல்லு, காணும்."

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர்களில் வயர்லெஸ் என்பது துவக்கோடு நடப்பவர்களின் இடுப்பில் இருக்கும் பொருள். எந்தப் பக்கத்தவர் என்பது வேறு விஷயம். வேலிக்கு வெளியே கரகரவென்று அது பேசும் சத்தம் கேட்டால் வீட்டில் பேச்சு நின்றுவிடும்.

ஆனால் எனக்கு அந்த விஷயத்தில் ஒரு பழைய ஆசை இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பற்றரி கிடையாது. எங்கள் வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். சுற்றுவது என் வேலை. எனக்குக் கை களைத்தால் செய்தி வாசிப்பவருக்கும் குரல் இறங்கிவிடும். எங்கேயோ இருந்து பேசும் குரல் ஒரு கம்பியும் இல்லாமல் எங்கள் முற்றத்துக்கு எப்படி வருகிறது என்று அப்பாவைக் கேட்டால், "சுத்து பிள்ளை, செய்தி போகுது" என்பார். அந்தக் கேள்விக்கு இருபது வயதில்தான் எனக்குப் பதில் கிடைத்தது.

பத்து எட்டுக்கு ஓர் எண்

ஆய்வுகூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எட்டுக் கணினிகள். இரண்டு மின்விசிறிகள், அதில் ஒன்று சுற்றும். அலுமாரிக்குள் பூட்டி வைத்த ஓர் இணைப்புப் பெட்டி. அதன் தலையில் விரலளவில் இரண்டு அன்ரனா. அந்தப் பெட்டி விடும் அலையைப் பிடிக்க ஒரேயொரு மடிக்கணினி. அதன் பற்றரி இருபது நிமிடம் தாங்கினால் எங்கள் அதிர்ஷ்டம். ஆகவே ஒவ்வொரு தடவை பார்த்ததும் மூடியைச் சாத்திவிட வேண்டும் என்பது சட்டம்.

பாடத்தை எடுத்தவர் குகன் சேர். கொழும்பில் படித்துவிட்டு வந்த இளம் விரிவுரையாளர். கரும்பலகையில் எழுதும்போது வெளியே வாகனம் நின்றால் அவருடைய சோக்கட்டியும் நின்றுவிடும். ஆனால் நன்றாகச் சொல்லித்தருவார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் மடிக்கணினித் திரையில் நாற்பது என்று காட்டும். விலகிப் போகப் போக ஐம்பது, அறுபது, எழுபது. எண் கூடக் கூட அலை மெலிகிறது என்று பொருள். தொண்ணூறைத் தாண்டினால் எண்ணே இருக்காது. இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் வரும். அலை அங்கே இல்லை. தகரம் அதைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் குடித்துவிடும், மண் விழுங்கிவிடும்.

ஆறாவது பயிற்சி, கல்லூரி வளவு முழுவதும் அலை எங்கெங்கே எவ்வளவு எட்டுகிறது என்று அளப்பது. பத்துக் காலடி, அதாவது பத்து எட்டு, நடக்க வேண்டும், நிற்க வேண்டும், எண்ணைப் பார்க்க வேண்டும், எழுத வேண்டும். வழியில் என்ன தடை இருக்கிறது, எவ்வளவு தடிப்பு என்றும் குறிக்க வேண்டும். உலகத்தில் எல்லா ஊர்களிலும் மாணவர்கள் செய்கிற பயிற்சிதான். எங்கள் ஊரில் காலடி எண்ணி நடந்து, நின்று, பார்த்து, எழுதிக்கொண்டு போகிறவரை வேறு என்னவென்று நினைப்பார்கள் என்பது எங்கள் எவருடைய மண்டையிலும் ஏறவில்லை. சென்றியும் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன ஒன்று. வரைபடத்தில் வேப்பமரத்தைக் கீறியதுபோல அதையும் கீறினோம்.

இரண்டு பேர் ஒரு சோடி. ஒருவர் அளப்பார், மற்றவர் எழுதுவார். கொப்பியின் மட்டையில் 'அளந்தவர்', 'எழுதியவர்' என்று இரண்டு பெயரையும் போட வேண்டும். அளந்தவர் வதனி, அதாவது நான். எழுதியவர் பர்ஹானா.

பர்ஹானாவின் குடும்பம் முல்லைத்தீவு. அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோது அங்கிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் கட்டிய துணியோடு போகச் சொன்னார்கள். காட்டிக்கொடுப்பார்கள் என்று சந்தேகம். புத்தளத்து முகாமில் வளர்ந்தாள். பாதை திறந்த பிறகு அவளுடைய தகப்பன் வவுனியாவுக்கு வந்து தண்ணீர்ப் பம்புச் சாமான் விற்கும் கடை போட்டார். அவர்களைப் போகச் சொன்னது துவக்கோடு நின்ற எங்கள் ஆட்கள். நானும் அவளும் ஒரே வாங்கில் இருந்து, ஒரே பெட்டியில் மத்தியானம் சாப்பிட்டு, அந்த ஒரு விஷயத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போவோம்.

அவளோடு சேர்ந்து அளப்பது பெரிய கரைச்சல். ஆறாம் புள்ளியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

"வதனி, அறுபத்திரண்டோ, அறுபத்து மூண்டோ?"

"ரெண்டும் மாறி மாறி வருது. ஏதோ ஒண்டைப் போடன்."

"ஏதோ ஒண்டு எண்டு ஒரு எண் இல்லை. வடிவா ஒரு நிமிசம் பாத்துச் சொல்லு."

ஒரு நிமிடம் என்றால் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம். வெயில் உச்சியைப் பிளக்கிறது. அவள் வேப்பமர நிழலில் இருந்துகொண்டு எனக்கு நிமிடக் கணக்குச் சொல்கிறாள். அந்த ஒரு புள்ளிக்கு என்னை மூன்று தரம் திருப்பி அனுப்பினாள். மனதுக்குள் அவளை நன்றாகத் திட்டினேன்.

மூடி திறக்கவில்லை

பதினான்காம் புள்ளி பின்வாசலுக்கு வெளியே, மதிலும் றோட்டும் சந்திக்கும் மூலையில் இருந்தது. அங்கேதான் சென்றி.

பர்ஹானா உள்ளே மரத்தடியில் இருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் நடப்பது அவளுக்குத் தெரியாது. நான் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினேன். அலை பிடிக்கும் அட்டை அதன் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. காலடி எண்ணி நடந்தேன். எட்டாவது எட்டில் மண்மூட்டைக்கு மேலே ஒரு தலை திரும்பியது.

அவன் ஒன்றும் செய்யவில்லை. துவக்கைத் தூக்கவில்லை, கூப்பிடவில்லை. என் கையில் இருந்ததைப் பார்த்தான், அவ்வளவுதான்.

நான் நின்றேன். மூட்டை இரண்டு வரிசை, உயரம் ஆறடி இருக்கும் என்று கண்ணால் கணித்தேன். அதையும் எழுத வேண்டுமே. மூடியைத் திறக்கவில்லை. முப்பது வரைக்கும் எண்ணினேன். திரும்பி நடந்து வாசலுக்குள் வந்ததும் குரல் கொடுத்தேன்.

"எழுபத்தொண்டு!"

"உறுதியோ?"

"ஓம், ஓம். உறுதி. எழுது."

அதற்கு முந்திய இரண்டு புள்ளிகளும் ஐம்பத்தெட்டு, அறுபத்து நான்கு. அடுத்தது எழுபத்தொன்று என்றால் பார்க்க அழகாக இருந்தது. வீட்டில் சோறு சமைக்கத் தெரியாத நான் ஆய்வுகூடத்தில் எண் சமைத்தேன். எங்கள் வகுப்பில் சமைக்காதவர்கள் குறைவு. பயத்தில் செய்தேன் என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுவதும் உண்மை இல்லை. முக்கால் பங்கு பயம், கால் பங்கு சோம்பல்.

பர்ஹானா எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு. குகன் சேர் பார்த்துச் சிவப்பு மையில் 'நன்று' போட்டார். திங்கட்கிழமை கொடுப்பதற்கு வளையங்களுக்குள்ளும் நிறம் நிரப்ப வேண்டும் என்று கொப்பியை நான் வீட்டுக்குக் கொண்டு வெளிக்கிட்டேன்.

யாருக்குத் தடை?

ஓமந்தையில் என்னை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினார்கள். நான் வந்த பஸ் போய்விட்டது. என் சாமான் மேசையிலேயே கிடந்தது, பாணில் ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது.

ஒரு அதிகாரி வந்தார். எனக்கு விளங்குவதற்காக ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திப் பேசினார். இந்த எண்கள் என்ன என்று கேட்டார். சிக்னல் என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் கனம் எனக்கே உறைத்தது. யாருக்குச் சிக்னல்? ஒருவருக்கும் இல்லை, ஒரு பெட்டியிலிருந்து வருவது. சென்றியை ஏன் கீறினாய்? அது தடை என்றேன்.

"யாருக்குத் தடை?"

அலைக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் மேசையில் கிடந்த பாணைப் பார்த்தேன்.

அவர் கொப்பியின் மட்டையைத் திருப்பினார். இரண்டு பெயர்களையும் வாய்விட்டு வாசித்தார். இரண்டாவது பெயரின் கீழே பேனாவால் கோடு இழுத்தார். அதுவரைக்கும் எனக்காகப் பயந்துகொண்டிருந்தவள் அந்தக் கோட்டைக் கண்டபின் இரண்டு பேருக்காகப் பயப்படத் தொடங்கினேன். அந்தக் காலத்தில் இப்படிக் கூட்டிக்கொண்டு போனவர்களில் சிலர் மாதக் கணக்கில் திரும்பவில்லை. சிலர் திரும்பவே இல்லை.

கல்லூரி அடையாள அட்டையில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து என்னை ஒரு வாகனத்தில் ஏற்றி வவுனியாவுக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். அந்தப் பெண் சிப்பாய் பாணையும் மருந்தையும் பைக்குள் வைத்துக் கையில் தந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இடம் மாறிய இருவர்

கல்லூரி முற்றத்தில் குகன் சேர் நின்றார். சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. பர்ஹானாவைத் தகப்பன் மோட்டார் சைக்கிளில் கூட்டிவந்திருந்தார். அவர் வாசலுக்கு வெளியே, இரண்டு கையாலும் தலைக்கவசத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை உள்ளே விடவில்லை.

நகர முகாமிலிருந்து வேறொரு அதிகாரி வந்தார். அமைதியான மனிதர். தொலைத்தொடர்புப் பிரிவு என்று பிறகு அறிந்தோம். அவர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சிங்களத்தில் குகன் சேரிடம் சொன்னார். சேர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"அளந்து காட்டட்டாம். கொப்பியிலை இருக்கிற எண்கள் திரும்ப வந்தால் படிப்பு எண்டு எடுப்பாராம். வராட்டில்..." சேர் அந்த வசனத்தை முடிக்கவில்லை.

நான் எழுந்து மடிக்கணினிக்குக் கை நீட்டினேன். அதிகாரி வேண்டாம் என்று தலையாட்டினார். அளந்தவர் இங்கே இருக்கட்டும், எழுதியவர் போய் அளக்கட்டும், இருவரும் பேசக் கூடாது என்றார்.

பர்ஹானா மடிக்கணினியை வாங்கினாள். என்னைப் பார்த்து, ஒன்றும் இல்லை, பயப்படாதே என்பதுபோலக் கண்ணைச் சிமிட்டினாள். அவளுக்கு என்ன தெரியும்? எல்லா எண்ணும் நிமிடக் கணக்கில் பார்த்து எழுதிய எண் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

முதலாம் புள்ளி. மூடியைத் திறந்தாள், பார்த்தாள், சத்தமாகச் சொன்னாள், சாத்தினாள்.

"நாப்பத்தொண்டு!"

கொப்பியில் நாற்பது. அதிகாரி பென்சிலால் சரி போட்டார். மூன்றாம் புள்ளியில் ஐம்பத்திரண்டு, கொப்பியில் ஐம்பது. அதற்கும் சரி. ஆறாம் புள்ளி அச்சொட்டாக அறுபத்திரண்டு. என்னை மூன்று தரம் திருப்பி அனுப்பிய அதே எண். அவர் முதல்தடவையாக லேசாகத் தலையை ஆட்டினார்.

குகன் சேர் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். அதிகாரி பென்சிலை வரைபடத்தின் மேல் நகர்த்தி, இடையில் இருந்த புள்ளிகளை எல்லாம் தாண்டி, வலது மூலையில் வைத்தார்.

"பதினாலுக்குப் போகட்டாம்" என்றார் சேர்.

பர்ஹானா பின்வாசலைத் தாண்டினாள். மதில் அவளை மறைத்தது.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. அது மட்டும் பொய் எண், நான் பயத்தில் சொன்னது என்று சொல்லிவிடு. சொன்னால் மற்றப் பதின்மூன்றையும் யார் நம்புவார்? சென்றிக்குப் பக்கத்தில் மட்டும் ஏன் பொய் எழுதினாய் என்று கேட்டால்? வாயைத் திறந்தேன். அதிகாரி மதிலைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு நிமிடம் போனது. அவள் ஒரு நிமிடம் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். இன்னும் ஒரு நிமிடமும் போனது. வாசலில் பர்ஹானாவின் தகப்பன் தலைக்கவசத்தைக் கை மாற்றிப் பிடித்தார்.

"எழுபத்து மூண்டு!"

மதிலுக்கு அப்பாலிருந்து தெளிவான குரல். அதிகாரி கொப்பியைப் பார்த்தார். எழுபத்தொன்று. பென்சிலை இரண்டு தரம் தட்டினார். சரி போட்டார்.

அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சென்றிப் பக்கம் இனிமேல் எவரும் அளக்கக் கூடாது, கீறவும் கூடாது என்று குகன் சேருக்குச் சொன்னார். வாகனம் போன பிறகு பர்ஹானா உள்ளே வந்து மடிக்கணினியைச் சேரிடம் கொடுத்தாள்.

இரண்டு கோடுகள்

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. நான் சமைத்த எண் உண்மையாகிவிட்டது என்று நினைத்தேன். என் கணிப்பு இரண்டே இரண்டு எண்தான் பிசகியிருக்கிறது! பர்ஹானா தண்ணீர்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய், "பாத்தியோடி, கிட்டத்தட்டச் சரியா வந்திட்டுது" என்றேன்.

அவள் குழாயை இறுக்கிப் பூட்டினாள்.

"அங்கை ஒண்டுமில்லை, வதனி."

"என்ன ஒண்டுமில்லை?"

"எண் இல்லை. ரெண்டு கோடு மட்டும். நான் ரெண்டு நிமிசம் பாத்தனான், கோடுதான் நிண்டது. நடுவிலை தண்ணித் தாங்கி, அங்காலை மண்மூட்டை. அந்த இடத்துக்கு அலை வரவே வராது. அண்டைக்கு நீ மூடியைத் திறக்கவே இல்லை, என்ன?"

பதிலுக்கு எனக்குத் தோன்றிய கேள்வியோ கேவலமானது. அதையும் கேட்டேன்.

"அப்ப ஏன் எழுபத்து மூண்டு எண்டு சொன்னனி? எழுபத்தொண்டு எண்டே சொல்லியிருக்கலாமே?"

"ஆறைத் தவிர மற்றது எல்லாம் ஒண்டு ரெண்டு மாறித்தானே வந்தது. அந்த எண்ணும் அச்சொட்டா வந்தால் அவர் எழும்பி வந்து பாத்திருப்பார்."

அறுபத்திரண்டா அறுபத்து மூன்றா என்று நிமிடக் கணக்கில் வெயிலில் என்னை நிறுத்தியவள். ஒரு பொய் எண்ணைச் சொல்லவும் அவ்வளவு கவனமாகக் கணக்குப் பார்த்திருக்கிறாள். எனக்காக இப்படி ஒரு காரியம் செய்தாயே என்று ஏதோ உளறினேன்.

"உனக்காக இல்லை" என்றாள். "எழுதினது என்ரை கை. வாசல்லை எங்கட வாப்பா நிண்டவர். செய்யாத ஒண்டுக்காக அவர் ஏற்கெனவே ஒருக்கா வீட்டை விட்டு வெளிக்கிட்டவர். உங்கட ஆக்கள் சொல்லி."

நாங்கள் இரண்டு வருடமாகச் சுற்றிக்கொண்டு போன விஷயம். அவள் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. முகத்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தகப்பனின் மோட்டார் சைக்கிளில் ஏறினாள். அவர் எனக்குத் தலையசைத்தார். நான் அசைக்கவில்லை. எனக்கு அந்தத் துணிவு இருக்கவில்லை.

அன்றைக்கு ஓமந்தை பூட்டும் நேரம் கடந்துவிட்டது. அம்மாவின் கண் மருந்து என் விடுதிக் கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

திரும்ப எழுதியது

திங்கட்கிழமை பயிற்சியைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. கிழித்துக்கொண்டு போன பக்கம் எங்கள் பழைய வரைபடம் அல்லவா? பர்ஹானா என் பக்கத்தில்தான் இருந்தாள். நான் வளவுக்குள் மறுபடி நடந்தேன். பதின்மூன்று புள்ளியிலும் ஒவ்வொரு நிமிடம் நின்றேன். அவள் கேட்காமலே நின்றேன். தேவைக்கு மேல் அவள் ஒரு சொல் பேசவில்லை.

குகன் சேர் எங்கள் மேசைக்கு வந்தார். வெள்ளிக்கிழமைப் பயத்தைச் சிரித்துக் கழிக்கப் பார்த்தார் போல.

"பதினாலுக்கு எழுபத்து மூண்டு எண்டு போடுங்கோ பிள்ளையள். ஆமிக்காரனே சரி பாத்த எண். அதைவிடத் திறம் எண் எங்கை கிடைக்கும்?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். என் கையில் பேனா இருந்திருந்தால் எழுபத்து மூன்று என்றுதான் எழுதியிருப்பேன். பேனா பர்ஹானாவிடம் இருந்தது. பதினான்காம் புள்ளிக்கு நேரே, அந்த வடிவான கையெழுத்தில், 'அளக்கவில்லை' என்று எழுதினாள்.

சேருடைய சிரிப்பு நின்றது. "மாக்ஸ் குறையும், பிள்ளை."

"குறையட்டும் சேர். நாங்கள் அளக்கேல்லை."

சேர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

பக்கத்தின் அடியில் 'எழுதியவர்' என்ற இடத்தில் பர்ஹானா தன் பெயரைப் போட்டாள். மற்ற எல்லாப் பயிற்சிகளிலும் என் பெயரையும் அவளே எழுதிவிடுவாள். அன்றைக்கு எழுதவில்லை. கொப்பியை என் பக்கம் திருப்பி, பேனாவை அதன் மேல் வைத்தாள்.

'அளந்தவர்' என்ற சொல்லுக்கு நேரே நான் என் பெயரை எழுதினேன்.